கிழக்கின் துறைமுகங்களும் விமான நிலையங்களும்: அடிக்கல்லுக்கு முன்னர் நாம் கேட்க வேண்டியவை

கிழக்கு மாகாணத்தில் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் இரண்டு வாக்குறுதிகளை நாம் தவறாமல் கேட்கிறோம். ஒன்று துறைமுகம், மற்றது விமான நிலையம். இவை மேடையில் பேசுவதற்கு இலகுவானவை. அடிக்கல் நாட்டவும் திறப்பு விழா நடத்தவும் ஏற்றவை. ஆனால் திறப்பு விழா முடிந்து ஐந்து, பத்து வருடங்களின் பின்னர் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை மேடையில் எவரும் பேசுவதில்லை.

வர்த்தகத்துக்கும் சுற்றுலாவுக்கும் துறைமுகங்களும் விமான நிலையங்களும் அவசியம் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்து இல்லை. கப்பல்கள் கடலில் செல்வதை மனிதனுக்குக் கிடைத்த அருட்கொடையாக அல்குர்ஆன் பல இடங்களில் நினைவூட்டுகிறது. கடல் வாணிபம் எமது முன்னோரின் தொழில். கேள்வி அவை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. எதை, எங்கே, யாருக்காக, எந்த ஆய்வின் பின்னர் கட்டுகிறோம் என்பதே கேள்வி. கிழக்கில் ஏற்கெனவே இருக்கின்ற ஒலுவில், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய மூன்றின் அனுபவத்தை வைத்து இதனை நோக்குவோம்.

ஒலுவில்: கனவும் மணலும்

ஒலுவில் துறைமுகம் என்றதும் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களே எமது நினைவுக்கு வருகிறார். 1994இல் துறைமுகங்கள், கப்பல்துறை, புனர்வாழ்வு மற்றும் புனரமைப்பு அமைச்சரான அவர், தென்கிழக்குப் பிரதேசத்துக்குத் தனியான பொருளாதார அடித்தளம் ஒன்று தேவை எனக் கருதினார். தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவில் துறைமுகத் திட்டமும் அந்தச் சிந்தனையில் பிறந்தவை. வெளிச்சவீடு எழுந்தது. ஆனால் 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் அவர் காலமானார். துறைமுகத் திட்டம் பல வருடங்கள் கிடப்பில் இருந்தது.

பின்னர் டென்மார்க்கின் கடனுதவியுடன், சுமார் 46 மில்லியன் யூரோ செலவில், 2008இல் நிர்மாணப் பணிகள் ஆரம்பமாகின. 2013 செப்டெம்பரில் அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ துறைமுகத்தைத் திறந்துவைத்தார். சுமார் 5,000 தொன் கொள்ளளவுள்ள கப்பல்கள் வருவதற்காக 8 மீற்றர் ஆழத்தில் வர்த்தகப் பகுதியும், பலநாள் படகுகளுக்காக 3 மீற்றர் ஆழத்தில் மீன்பிடிப் பகுதியும் அமைக்கப்பட்டன.

அதன் பின்னர் நடந்தது எமது பிரதேச மக்கள் அனைவருக்கும் தெரியும். வர்த்தகத் துறைமுகம் என்ற பெயருக்கேற்ற வழமையான சரக்குக் கப்பல் சேவை எதுவும் அங்கு உருவாகவில்லை. துறைமுகத்துக்கு வடக்கே ஒலுவில் கரையையும் அதற்கப்பால் நிந்தவூர் பக்கத்தையும் கடல் அரிக்கத் தொடங்கியது. தென்னந்தோட்டங்களும் மீனவர் வாடிகளும் கரைவலை இழுக்கும் இடங்களும் கடலுக்குள் போயின. மறுபுறம் துறைமுக வாயிலை மணல் மூடியது. படகுகள் உள்ளே நுழைய முடியாத நிலை மீண்டும் மீண்டும் ஏற்பட்டது. துறைமுகத்துக்காகக் காணி கொடுத்தவர்கள் நஷ்டஈட்டுக்காகப் பல வருடங்கள் அலைந்தனர்.

இது ஏன் நடந்தது? கரையோர மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலைகள் கரையைச் சாய்வாக வந்து அடிப்பதால், மணல் கரை ஓரமாகவே ஓர் ஆறுபோல நகர்ந்துகொண்டிருக்கிறது. பருவத்துக்குப் பருவம் திசை மாறினாலும், வருடக் கணக்கில் பார்த்தால் எமது கிழக்குக் கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கியே செல்கிறது. ஒலுவிலில் கடலுக்குள் கல்லணைகள் போடப்பட்டபோது அந்த மணல் ஆறு மறிக்கப்பட்டது. தெற்குப் பக்கத்தில் மணல் குவிந்தது. வடக்குப் பக்கத்துக்கு வழமையாக வந்துசேரும் மணல் நின்றுபோனது. வருவது நின்றாலும் அலை எடுத்துச் செல்வது நிற்கவில்லை. ஆகவே கரை தேய்ந்தது. தெற்கில் குவிந்த மணல் அணையின் முனையைச் சுற்றி வந்து துறைமுக வாயிலில் படிந்தது. கடலரிப்பும் வாயில் அடைபடுவதும் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் அல்ல, ஒரே காரணத்தின் இரண்டு விளைவுகள்.

இது ஒலுவிலுக்கு மட்டும் நேர்ந்த புதுமையும் அல்ல. சென்னைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பின்னர் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடலரிப்புக்கு உள்ளாகி, இன்றும் கற்களைக் கொட்டிக் காக்கவேண்டிய நிலையில் இருக்கிறது. நூறு வருடங்களுக்கு மேலாக அறியப்பட்ட ஒரு பாடம் அது.

தீர்வும் அறியப்பட்டதே. ஒரு பக்கத்தில் குவியும் மணலை எடுத்து மறுபக்கத்தில் தொடர்ந்து போடுவதுதான் அது. அவுஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001ஆம் ஆண்டிலிருந்து இதற்கென நிரந்தரமான பம்பித் தொகுதி இயங்குகிறது. ஆற்றுவாயும் திறந்திருக்கிறது, மறுபக்கக் கடற்கரைக்கும் மணல் கிடைக்கிறது. ஆனால் இது ஒரு தடவை செய்து முடிக்கும் வேலையல்ல. துறைமுகம் இருக்கும்வரை ஒவ்வொரு வருடமும் செய்ய வேண்டியது. எனவே அதற்கான செலவு துறைமுகத்தின் செலவுக் கணக்கில் முதல் நாளிலேயே இருந்திருக்க வேண்டும். நிரந்தரமான மணல் அகழ்வு ஏற்பாடின்றி, பிரச்சினை முற்றும்போது மட்டும் ஒரு கப்பலைக் கொண்டுவந்து தோண்டிவிட்டுப் போவது பணத்தைக் கடலில் கொட்டுவதற்குச் சமம்.

ஒலுவில் விவகாரத்தில் எம்மை மிகவும் வருத்தியது வேறொன்று. வாயிலைத் தோண்டித் திறக்குமாறு மீனவர்கள் வீதிக்கு இறங்கினர். கடலரிப்புக்குத் தீர்வு காணாமல் தோண்டக்கூடாது என ஒலுவில் கிராம மக்கள் எதிர்த்து நின்றனர். இரு தரப்பிலும் நின்றவர்கள் எமது சகோதரர்களே. ஒருவருக்குத் தொழில் போகிறது, மற்றவருக்குக் காணி போகிறது. இருவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. திட்டமிட்டவர்கள் செய்யத் தவறிய வேலை ஊருக்கும் ஊருக்கும் இடையிலான சண்டையாக மாறியது.

சரக்கு எங்கே?

மணல் பிரச்சினை தீர்ந்தாலும் ஒலுவிலுக்கு வர்த்தகக் கப்பல் வருமா என்ற கேள்வி எஞ்சுகிறது. துறைமுகத்துக்குக் கப்பலைக் கொண்டுவருவது ஆழம் மட்டுமல்ல, ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் சரக்கு வேண்டும். அம்பாறை மாவட்டம் நாட்டின் முன்னணி நெல் உற்பத்தி மாவட்டங்களில் ஒன்று. ஆனால் அந்த நெல்லும் அரிசியும் உள்நாட்டிலேயே நுகரப்படுகின்றன. கல்முனையிலிருந்தோ அக்கரைப்பற்றிலிருந்தோ லொறியில் ஏற்றினால் மறுநாள் காலை கொழும்பில் வியாபாரியின் கடை வாசலில் இறக்கலாம். அதே மூட்டைகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசென்று, கப்பல் நிறையும்வரை காத்திருந்து, கொழும்பில் இறக்கி, மீண்டும் லொறியில் ஏற்றினால் செலவும் கூடும் நாளும் கூடும். எந்த வியாபாரியும் இதனைச் செய்யமாட்டார்.

எனவே ஒலுவிலை ஒரு நல்ல மீன்பிடித் துறைமுகமாக இயக்குவதே இன்று எட்டக்கூடிய இலக்கு. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், மாளிகைக்காடு பகுதிகளின் ஆழ்கடல் படகுகள் பாதுகாப்பாக நிற்க ஓர் இடம், ஐஸ் தொழிற்சாலை, குளிர்களஞ்சியம், எரிபொருள் நிலையம், ஏலக் கூடம், படகு திருத்தும் தளம் என்பன ஒழுங்காக இயங்கினால் அதன் பயன் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு நேரடியாகச் சேரும். பெயரில் வர்த்தகம் இருப்பதைவிட கையில் தொழில் இருப்பது மேலானது.

திருகோணமலை: இயற்கை கொடுத்தது

ஒலுவிலுக்கு இல்லாத அனைத்தும் திருகோணமலைக்கு உண்டு. உலகின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அது. சுற்றிலும் நிலம் அணைத்திருப்பதால் எந்தப் பருவக்காற்றிலும் கப்பல்கள் பாதுகாப்பாக நிற்கலாம். கல்லணை போட்டு ஆழம் உண்டாக்க வேண்டியதில்லை. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரான்ஸியர், ஆங்கிலேயர் என அனைவரும் அதற்காகப் போட்டியிட்டதும், 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் அதன்மீது குண்டுவீசியதும் இதனால்தான்.

அப்படியானால் கொழும்பு ஏன் முன்னேறியது, திருகோணமலை ஏன் பின்தங்கியது? ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைக்கும் பிரதான கப்பல் பாதை இலங்கையின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. கொழும்பு அதற்கு அருகில் இருக்கிறது. கொழும்பில் இறங்கும் கொள்கலன்களில் பெரும்பகுதி எமது நாட்டுக்கானவையே அல்ல. அவை ஒரு கப்பலிலிருந்து இறக்கி மற்றொரு கப்பலில் ஏற்றப்பட்டு இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும் போகின்றன. இந்த வியாபாரத்தில் சில மணித்தியாலத் தாமதமும் பெரும் செலவு. கொள்கலன் கப்பல் ஒன்று திருகோணமலைக்காகப் பாதையை விட்டு விலகி வருவதற்குத் தனியான காரணம் வேண்டும்.

திருகோணமலையின் பலம் வேறு. கோதுமை, சீமெந்து மூலப்பொருள், எரிபொருள், கனிய மணல் போன்ற மொத்தச் சரக்குகளே அதற்கு ஏற்றவை. பிரிமா மா ஆலையும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலையும் அங்கு அமைந்தது இந்தக் காரணத்தினால்தான். துறைமுகத்தின் இறங்குதுறைகளில் ஒன்று அஷ்ரப் அவர்களின் பெயரையே தாங்கி நிற்கிறது.

சீனக்குடாவிலுள்ள எண்ணெய்க் குதங்கள் பற்றிய செய்திகளும் இதனுடன் சேர்ந்தவை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டி பிரித்தானியர் அமைத்த இத்தொகுதியில் 99 குதங்கள் எஞ்சியிருக்கின்றன. 2022 ஜனவரியில் கைச்சாத்திடப்பட்ட உடன்படிக்கையின்படி 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 குதங்கள் இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், மீதி 61 குதங்கள் இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. அக்கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதப் பங்கு உண்டு. 2025 ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக மாற்றுவதற்கு இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம் ஆகிய மூன்றும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டன.

இவை பெரிய இராச்சியங்களின் கணக்குகள். கிண்ணியாவிலும் மூதூரிலும் புல்மோட்டையிலும் வாழும் மக்களுக்கு இவற்றில் கிடைக்கும் பங்கு என்ன? புல்மோட்டையின் கனிய மணல் நாட்டுக்குப் பல தசாப்தங்களாக அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது. ஆனால் அதனைப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே ஏற்றுமதி செய்கிறோம். அதனைப் பதப்படுத்திப் பெறுமதி கூட்டும் ஆலை ஒன்று கிழக்கில் அமைந்தால் எமது இளைஞர்களுக்குத் தொழில் கிடைக்கும், துறைமுகத்துக்கும் சரக்குக் கிடைக்கும். துறைமுக அபிவிருத்தி என்பது இறங்குதுறை மட்டுமல்ல, அதற்குப் பின்னாலுள்ள தொழிற்சாலையும் அதில் வேலை செய்யப் பயிற்றப்பட்ட கைகளுமாகும்.

மட்டக்களப்பு விமான நிலையமும் மத்தள தரும் பாடமும்

மட்டக்களப்பு விமான நிலையம் யுத்த காலம் முழுவதும் விமானப்படையின் கையில் இருந்தது. 2016 ஜூலையில் அது சிவில் விமான சேவைக்காகத் திறக்கப்பட்டது. 2018 மார்ச்சில் சர்வதேச விமான நிலையமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆனால் பிரகடனத்தினால் மட்டும் விமானம் வருவதில்லை. அதன் ஓடுபாதை சிறிய ரக விமானங்களுக்கே போதுமானது. வாவியும் குடியிருப்புகளும் சூழ்ந்த இடத்தில் அதனை நீட்டுவதும் இலகுவல்ல. திருகோணமலை சீனக்குடாவில் 2 கிலோமீற்றருக்கும் மேல் நீளமான ஓடுபாதை உண்டு. அதுவும் விமானப்படைத் தளம்.

அப்படியாயின் பெரிய ஓடுபாதை அமைத்தால் போதுமா? மத்தள இதற்குப் பதில் சொல்கிறது. 2013 மார்ச்சில் திறக்கப்பட்ட மத்தள சர்வதேச விமான நிலையத்தின் ஓடுபாதை 3,500 மீற்றர் நீளமானது. உலகின் மிகப்பெரிய பயணிகள் விமானமும் இறங்கலாம். செலவு 209 மில்லியன் டொலர், அதில் 190 மில்லியன் சீனக் கடன். வருடத்துக்கு பத்து இலட்சம் பயணிகளை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. ஆனால் சுற்றிலும் அதற்கேற்ற சனத்தொகையோ வியாபாரமோ இல்லை. 2015இல் தேசிய விமான சேவையே அங்கிருந்து விலகிக்கொண்டது. உலகின் மிக வெறுமையான சர்வதேச விமான நிலையம் என்ற பெயர்தான் மிஞ்சியது. கடனை மட்டும் நாம் அனைவரும் சேர்ந்து செலுத்துகிறோம்.

யாழ்ப்பாணம் வேறொரு வழியைக் காட்டுகிறது. 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச சேவைக்காகத் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னையிலிருந்து சிறிய ரக விமானங்கள் வரத் தொடங்கின. கொவிட் காலத்தில் நின்ற சேவை 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமானது. 2024 செப்டெம்பரில் இரண்டாவது விமான நிறுவனமும் அதே பாதையில் இணைந்தது. சிறிய விமானம், குறுகிய தூரம், ஆனால் பயணிகள் இருக்கிறார்கள். உறவு, கல்வி, மருத்துவம், வியாபாரம் எனப் போய்வருவதற்குக் காரணம் இருக்கிறது. தேவை முதலில் இருந்தது, சேவை அதனைத் தொடர்ந்தது.

கிழக்கின் தேவை எது? உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் செல்பவர்கள், மத்திய கிழக்கில் தொழில் புரிபவர்கள், கொழும்பில் வைத்தியம் பெறுபவர்கள் என எமது ஊர்களிலிருந்து தினமும் மக்கள் பயணிக்கிறார்கள். இரவில் வேன் பிடித்து, சாரதி தூங்கிவிடுவாரோ என்ற பயத்துடன் ஏழெட்டு மணித்தியாலம் ஓடி கட்டுநாயக்கவுக்குச் செல்வது எமக்குப் பழகிப்போன ஒன்று. ஜித்தாவுக்கோ டுபாய்க்கோ மட்டக்களப்பிலிருந்து நேரடி விமானம் என்பது இன்றைய ஓடுபாதையில் சாத்தியமில்லை. ஆனால் கட்டுநாயக்கவின் சர்வதேச விமானங்களுடன் நேரம் பொருந்தும்படி ஓர் உள்நாட்டுச் சேவை சாத்தியமானது. அது இரத்மலானையில் இறங்கினால் பயனில்லை. பயணி கொழும்பு நெரிசலைக் கடந்து மீண்டும் வீதியால் கட்டுநாயக்க செல்ல வேண்டியிருக்கும். கட்டணமும் நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். இதற்குப் புதிய விமான நிலையம் தேவையில்லை, சரியான நேர அட்டவணையும் ஆரம்ப வருடங்களில் அரசின் சிறு ஆதரவும் போதும்.

சுற்றுலா: காலம் எமக்குச் சாதகம்

இலங்கைக்கு 2018இல் 23 இலட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்தனர். உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், கொவிட், பொருளாதார நெருக்கடி எனத் தொடர்ந்த அடிகளின் பின்னர் 2024இல் எண்ணிக்கை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இவர்களில் பெரும்பாலானோரின் பயணம் தெற்கிலும் மலையகத்திலும் முடிந்துவிடுகிறது.

கிழக்குக்கு ஓர் இயற்கை வாய்ப்பு உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றினால் மேற்கு, தெற்குக் கரைகளில் கடல் கொந்தளிக்கும்போது நிலாவெளி, பாசிக்குடா கடல்கள் அமைதியாக இருக்கும். அதே மாதங்களில்தான் அறுகம்பையில் அலைச்சறுக்கலுக்கு ஏற்ற அலைகள் எழுகின்றன. ஐரோப்பியரின் கோடை விடுமுறையும், வெயிலிலிருந்து தப்ப வளைகுடா நாட்டுக் குடும்பங்கள் வெளிநாடு செல்லும் காலமும் அதுவே. ஹலால் உணவு, பள்ளிவாசல், குடும்பங்களுக்கான தனிமை என்பவற்றை அவர்கள் தேடித் திரிய வேண்டியதில்லை. காத்தான்குடியிலும் பொத்துவிலிலும் அவை எமது அன்றாட வாழ்க்கை.

ஆனால் இங்கும் ஒலுவிலின் பாடம் பொருந்தும். ஹோட்டல்கள் எழும்போது கரைவலைப் பாடுகளுக்கும் படகுகள் ஏற்றும் இடங்களுக்கும் செல்லும் பாதைகள் மூடப்படக்கூடாது. சுற்றுலா விசாவில் வந்து அனுமதியின்றி வியாபாரம் நடத்துவோர் பற்றி உள்ளூர் வர்த்தகர்கள் எழுப்பும் முறைப்பாடுகள் சட்டப்படி விசாரிக்கப்பட வேண்டும். ஊராரின் பண்பாட்டை மதிக்கும் ஒழுங்குகளை, பயணிகளுக்கும் புரியும்படி ஊரே முன்வந்து வகுக்க வேண்டும். கடற்கரை எமது ஊரில், வருமானம் வேறொருவர் கையில் என்ற நிலை வந்தால் அதனை அபிவிருத்தி என அழைக்க முடியாது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

எந்த அரசாங்கம் எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும், அடிக்கல் நாட்ட முன்னர் எமது பள்ளிவாசல் நிருவாகங்களும், மீனவர் சங்கங்களும், வர்த்தக சங்கங்களும், பிரதேச சபை உறுப்பினர்களும் பின்வருவனவற்றை எழுத்தில் கேட்க வேண்டும்.

1. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தமிழில் கிடைக்குமா? பெரிய திட்டங்களுக்கு அவ்வறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, கருத்துத் தெரிவிக்க 30 நாட்கள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அந்த 30 நாட்களை நாம் பெரும்பாலும் தவறவிடுகிறோம்.

2. கடலரிப்பு ஏற்பட்டால் பொறுப்பு எந்த நிறுவனத்துக்கு? அதற்கான வருடாந்த நிதி எங்கிருந்து வரும்?

3. காணி சுவீகரிக்கப்படுமாயின் நஷ்டஈடு எப்போது, எந்த மதிப்பீட்டின்படி? கட்டுமானம் ஆரம்பிக்க முன்னரா, பின்னரா?

4. முதல் ஐந்து வருடங்களில் எந்தச் சரக்கு, எந்தப் பயணிகள்? அந்தக் கணக்கைச் செய்தவர் யார்?

5. கடனை யார், எத்தனை வருடங்களில் திருப்பிச் செலுத்துவது?

6. உள்ளூர் இளைஞர்களுக்கான தொழிற்பயிற்சி திட்டத்தின் பகுதியாக உள்ளதா?

இவற்றுக்குப் பதில் கிடைக்காவிட்டால் தகவலறியும் உரிமைச் சட்டம் எமக்கு இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமான அதன்படி எந்தப் பிரஜையும் அரச நிறுவனத்திடம் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அஷ்ரப் அவர்களின் கனவு ஒரு கல்லணை அல்ல. தென்கிழக்கின் பிள்ளைகள் தொழில் தேடி ஊரைவிட்டு ஓடாத ஒரு நாளே அவரது கனவு. அதனை அடைய கேள்வி கேட்கும் சமூகமாக நாம் மாற வேண்டும். பிறருக்குத் தீங்கு விளைவிக்காத பயன்தான் உண்மையான பயன் என மார்க்கம் எமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. ஒலுவிலில் மீனவரின் தொழிலும் கிராமத்தவரின் காணியும் ஒருசேரப் பாதுகாக்கப்படும் ஏற்பாடு முதலில் வரட்டும். அதன் பின்னர் அடுத்த திட்டத்தைப் பற்றிப் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.